நம்ம ஊர்க் குளத்தில் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தால் ஏதாவது ஒரு வேலை நம்மைத் தேடி வந்துவிடும். மிக்ஸி ஓடவில்லை, கேஸ் புக் பண்ணணும், ரேஷன் கடையில் இன்னைக்குத்தான் பருப்பு போடுறானாம். இதிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பிக்க, அதிகம் செலவு இல்லாத பொழுதுபோக்கு ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் எந்த ஊரிலிருந்து வண்டியை எடுத்தாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு குளத்தங்கரை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பெருகிவிட்டால் பங்குனி வரை பறவைகளுக்குப் பஞ்சமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, எதை முதலில் செய்யலாம், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு குளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பறவை என்றதும் எல்லாரும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வண்டியைக் கட்டுகிறார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம். அங்கே கூட்டம் கூட்டமாகப் பறவைகளைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, ஒன்றின் பேர்கூட மனசில் நிற்காமல் திரும்பி வருவோம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குளமே போதும். திருநெல்வேலி டவுன்காரர்களுக்கு நயினார்குளம், புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு வேய்ந்தான்குளம். கிராமத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் போன வாரம் இல்லாத ஒன்று இந்த வாரம் வந்திருப்பது கண்ணில் படும்.

காலை ஆறரைக்குள் கரையில் இருங்கள். இதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. மேற்கே மலை இருப்பதால் நம்ம பக்கம் நிலம் கிழக்குப் பார்த்துச் சரிகிறது. தண்ணீரைத் தடுக்கும் கரை அதனால் பெரும்பாலான குளங்களில் கிழக்குப் பக்கமாகவே இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம், கால், மூக்கு எல்லாம் துலக்கமாகத் தெரியும். சாயந்தரம் அதே இடத்தில் நின்றால் கண் கூசி, எல்லாமே கறுப்பு உருவமாகத்தான் தெரியும்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கரையெல்லாம் சீமைக்கருவேல முள். வண்டியைத் தார் ரோட்டோரமே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. பஞ்சர் ஒட்டுகிற கடை அந்நேரம் திறந்திருக்காது.

2. பைனாகுலர் வாங்குங்கள், கேமரா வேண்டாம்

கேமராவோடு தொடங்குகிறவர்கள் பறவையைப் பார்ப்பதே இல்லை, திரையைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். செல்போனில் எடுத்தாலோ வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். 8x42 என்று எழுதிய பைனாகுலர் வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 20 மடங்கு, 30 மடங்கு என்று ஆசை காட்டுவார்கள், விழாதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும். ஆனி, ஆடிக் காற்றில் எட்டு மடங்கையே அசையாமல் பிடிப்பது பெரும்பாடு.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்யாமலே ‘தலை வலிக்குது’ என்று மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். இரண்டு குழலையும் மடக்கி விரித்து, பார்ப்பது ஒரே வட்டமாகத் தெரியும்வரை கொண்டுவாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் ஒரு போர்டைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது குழலில் கண் வைக்கும் இடத்தில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகி அதே போர்டைத் தெளிவாக்குங்கள். இனிமேல் அந்த வளையத்தைத் தொடவே கூடாது. நடுச் சக்கரம் மட்டும்தான் வேலை. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பரை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதீர்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, அதிலிருந்து பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு மாடியில் நின்று எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனாவை வைத்துப் பழகிவிட்டுப் போகலாம். எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.

3. தெரிந்த கொக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். முதல் பாடம் அங்கேதான். மாட்டுக்குப் பின்னாலும் டிராக்டருக்குப் பின்னாலும் நடப்பது, மூக்கு மஞ்சளாக இருப்பது உண்ணிக்கொக்கு. மூக்கும் காலும் கறுப்பாக இருந்தால் சின்னக்கொக்கு. அது காலைத் தூக்கும்வரை பொறுமையாக இருங்கள். பாதம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். ஒரு காலை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் ஆட்டி, கலங்கி ஓடும் மீனைக் கொத்தும்.

மடையான் என்கிற கொக்கைக் கண்டுபிடிப்பது இன்னும் வேடிக்கை. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, காய்ந்த புல் நிறத்தில், கரையோரச் சேற்றில் அப்படியே இருக்கும். நாம் வெகு பக்கத்தில் போகும்வரை அசையாது. அப்புறம் சலித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் போட்டு எழும்பும்போது பார்த்தால் இறகு முழுக்க வெள்ளை! அடுத்த வரப்பில் இறங்கி இறகை மடக்கிய நொடியில் மறுபடி மண்ணோடு மண்ணாகிவிடும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் விட மாட்டீர்கள்.

தண்ணீருக்குள் பாருங்கள். நெற்றியில் வெள்ளை நாமம், உடம்பு கறுப்பு: நாமக்கோழி. சின்னதாக மிதந்து, சட்டென முங்கி வேறெங்கோ எழும்புவது முக்குளிப்பான். கழுத்து மட்டும் தண்ணீருக்கு வெளியே நெளிந்து தெரிந்தால் பாம்புத்தாரா. மேலும் கீழும் மூக்கு மூடினாலும் நடுவில் பாக்குவெட்டி மாதிரி சந்து விட்டிருந்தால் நத்தைகுத்தி நாரை.

தை, மாசியில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும்போது உள்ளான்கள் என்கிற சேற்றில் இரை தேடும் பறவைகள் வந்து இறங்கும். எல்லாமே பழுப்பு, எல்லாமே ஓட்டம். இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுங்கள்.

போனில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் ஆப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம், இலவசம்தான். இந்தியப் பறவைகளின் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், குளத்தங்கரையில் சிக்னல் சதி பண்ணும். ஆப் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. மூக்கு, கால், நடை மூன்றையும் நீங்களே பார்த்துவிட்டு அப்புறம் அதைக் கேளுங்கள்.

4. ‘என்ன செய்திய?’

‘என்ன செய்கிறீர்கள்?’ என்ற இந்தக் கேள்விக்குத் தயாராகப் போக வேண்டும். பைனாகுலரோடு கரையில் நின்றால் யாராவது ஒருத்தர் வண்டியை நிறுத்துவார்.

“என்ன தம்பி, கொளத்த அளக்க வந்தியளா?”

“இல்ல அண்ணாச்சி, பறவை பாக்க வந்தேன்.”

“இதுல பாக்கதுக்கு என்ன இருக்கு? கொக்குதான?”

அலுத்துக்கொள்ளாமல் பைனாகுலரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ரெண்டு நிமிஷத்தில் ‘அந்தா அந்த மரத்துலதான் சாயங்காலம் எல்லாம் வந்து அடையும்’ என்று நமக்குத் தெரியாத விஷயத்தை அவரே சொல்லுவார். ஆடு மேய்ப்பவர்களுக்கும் வாத்து மேய்ப்பவர்களுக்கும் தெரிந்ததில் பாதிகூட ஆப்புக்குத் தெரியாது. நாய்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது, ஓடாமல் நின்றுவிடுங்கள்.

5. நோட்டில் எழுதுங்கள்

தேதி, நேரம், குளம், பறவை, எண்ணிக்கை. பெருங்கூட்டம் என்றால் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி எத்தனை பத்து என்று மதிப்பிடலாம். பேர் தெரியாததை ‘பழுப்பு, பச்சைக்கால், வாலை ஆட்டுது’ என்று எழுதி வையுங்கள். விருப்பம் இருந்தால் வீட்டுக்கு வந்து, பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றலாம்.

6. இப்போது கூந்தன்குளம்

பத்துப் பதினைந்து பறவை அடையாளம் பிடிபட்ட பிறகு, தை, மாசி வாக்கில் போங்கள். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழி. 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை இங்கே தேடுங்கள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள், வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடு கட்டும். எச்சமும் வாடையும் சகித்து, தீபாவளிக்கு வெடியைத் தவிர்த்து அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கூட்டுக்கு அடியில் போய் நிற்பது, கை தட்டிக் கிளப்பிப் படம் எடுப்பது எல்லாம் அங்கே செய்யக் கூடாது.

அதற்கும் மேலே ஆர்வம் இருந்தால், 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் நடத்துவது. தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து போவார்கள், விவரம் தெரிந்தவர்களும் கூட இருப்பார்கள். தள்ளிவைத்த உள்ளான் சந்தேகத்தையெல்லாம் அன்றைக்கு அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.