சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் இருக்கிறதா? முதல் முறை ஏர் பூட்டுபவர்களுக்கு

டிராக்டர் இல்லாமல் பழைய முறையிலேயே விவசாயம் செய்யும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் நாலைந்து பெரிய குதிரைகளை வரிசையாகப் பூட்டி உழுகிற அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, உத்திரமேரூர் பக்கமோ திருப்போரூர் பக்கமோ வாங்கிப் போட்ட நிலத்தில் நாமும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்கிற சென்னைக்காரர்கள் அதிகமாகிக்கொண்டே வருகிறார்கள். செய்யலாம். குதிரை மட்டும் வேண்டாம். அங்கே ஏர் இழுக்கும் பெர்ச்செரான், பெல்ஜியன் இனங்கள் எல்லாம் முக்கால் டன்னுக்கு மேல் எடையுள்ள குளிர்நாட்டு உடம்பு, நம் கத்திரி வெயிலில் அவை உழைப்பதை விடுங்கள், நிற்பதே பாடு. நம் ஊரில் குதிரை ஜட்கா இழுத்திருக்கிறது, மெரினாவில் சவாரிக்கு நிற்கிறது, ஆனால் உழவுக்கு அதை யாரும் பழக்கவில்லை, அதனால் அதற்கான கலப்பையும் சேணமும் சொல்லித்தர ஆளும் கைக்கெட்டும் தூரத்தில் கிடையாது. காளைக்குத் திமில் இருப்பதால் அதற்கு முன்னால் நுகத்தடியை வைத்தால் போதும். குதிரைக்கோ தோளில் பொருந்தும்படி அளவெடுத்துச் செய்த கழுத்துப்பட்டை வேண்டும். அப்புறம், வைக்கோலை முக்கிய உணவாகத் தின்றுவிட்டு ஏர் இழுக்கும் வயிறு மாட்டுக்குத்தான் உண்டு.

ஆக, மாடு. என்ன வரிசையில் கற்றுக்கொள்வது என்று பார்ப்போம்.

1. வாங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

முதல் கேள்வி பணம் இல்லை. நிலத்தில் தினமும் யார் இருக்கப் போகிறார்கள்? சனி ஞாயிறு மட்டும் தாம்பரத்தைத் தாண்டுகிற ஆளாக இருந்தால் மாடு வாங்காதீர்கள். பக்கத்து ஊரில் ஏர் வைத்திருப்பவரைக் கூலிக்கு அழையுங்கள், அவர் பின்னாலேயே நடந்து கற்றுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லப்போனால் முதல் ஒரு பட்டத்துக்கு, அதாவது ஒரு பயிர்ப் பருவத்துக்கு, எல்லோருமே இப்படிச் செய்வதுதான் நல்லது.

அடுத்தது தீவனம். மாடு தன் எடையில் இரண்டு முதல் இரண்டரை சதவீதம் வரை உலர் தீவனக் கணக்கில் தின்னும். 400 கிலோ மாடு என்றால் நாளுக்கு 8 முதல் 10 கிலோ, ஜோடிக்கு வருடத்தில் ஆறு ஏழு டன். ஒரு ஏக்கர் நெல்லில் வரும் வைக்கோல் இதில் ஒரு பங்குதான், மிச்சத்தை வாங்க வேண்டும் அல்லது வரப்போரம் கம்பு நேப்பியர் புல் போட வேண்டும். சோளத்தட்டு போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பூ எடுக்காத இளஞ்சோளத்தில், அதுவும் மழையில்லாமல் வாடிய பயிரில், மாட்டைக் கொல்லும் அளவுக்குச் சயனைடு நச்சு இருக்கும்.

சக்தி எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையை மணிக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கும். 400 கிலோ மாடுகள் இரண்டு, மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடை என்று வைத்துக் கணக்குப் போட்டால் முக்கால் குதிரைத்திறன் வருகிறது. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். என் யோசனை இதுதான்: கோடையில் இறுகிப்போன தரையை முதல் தடவை கிளறுவதை வாடகை டிராக்டரிடம் விட்டுவிடுங்கள். அதற்குப் பின் வரும் வேலைகளில்தான் மாடு ஜெயிக்கும். விதைக்கச் சால் (உழவுக் கோடு) ஓட்டுவது, பலகையை இழுத்து மண்ணைச் சமப்படுத்திப் பரம்படிப்பது, பயிருக்கு நடுவே களை எடுப்பது, எருவைச் சுமப்பது, டிராக்டர் திரும்ப முடியாத மூலையை உழுவது. எல்லாவற்றையும் மாட்டை வைத்தே செய்வேன் என்று அடம்பிடித்து, காய்ந்த களிமண்ணில் மாட்டின் கழுத்தைப் புண்ணாக்குவது விவசாயம் ஆகாது.

2. பழகிய ஜோடியாக வாங்குங்கள்

கன்றிலிருந்து நானே பழக்குகிறேன் என்கிற ஆசை இப்போதைக்கு வேண்டாம். புது ஆளுக்குப் பழகிய மாடு வேண்டும், பழகாத மாட்டுக்கு அனுபவப்பட்ட ஆள் வேண்டும். இரண்டும் புதிதாக இருந்தால் ஏதாவது ஒன்று உடையும், பெரும்பாலும் கால்.

சந்தையில் வயதைப் பல்லில்தான் பார்ப்பார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழ்த்தாடையில் எட்டு. பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டிருந்தால் இரண்டு இரண்டரை வயது, எட்டும் அப்படிச் சேர்ந்திருந்தால் நாலரை ஐந்தைத் தாண்டியது. உங்களுக்கு எட்டும் சேர்ந்த, இரண்டு மூன்று வருடமாவது ஏரில் நடந்த, காயடித்த காளைகள் தேவை. உம்பளச்சேரி சேற்று வயலுக்கென்றே பேர் வாங்கிய இனம், காங்கேயம் இழுவைக்கு. ஆனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் நாட்டு ஜோடி கிடைத்தால் இனப் பெயரைத் தேடி அலைய வேண்டாம், இந்தத் தண்ணிக்கும் வெயிலுக்கும் பழகிய உடம்பு அது. வேலூர் பக்கம் பொய்கை சந்தைக்குப் போகலாம், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர்களை அங்கே பார்க்கலாம், ஆனால் தெரிந்த விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ராசிக்காக உடம்பில் முடிச் சுழி பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பார்க்க வேண்டியது கழுத்தில் பழைய புண்ணின் தழும்பு, நான்கு குளம்பும் நேராகத் தரையில் பதிகிறதா, இரண்டு மாடும் ஒரே உயரமா, நடை வேகம் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பூட்டி உழுது காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் கிளம்பிவிடுங்கள். எது இடத்து மாடு, எது வலத்து மாடு என்று கேட்டுக் கொம்பில் ஒரு கயிறு கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், பக்கம் மாற்றிப் பூட்டினால் பல மாடுகள் திணறிப்போகும். இன்னொன்று, நிற்கவும் நடக்கவும் திரும்பவும் சொல்லும் ஒலி ஊருக்கு ஊர் வேறு. "அண்ணே, நீங்க எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஒரு தடவை குரல் கொடுங்க" என்று விற்பவரிடம் கேட்டுச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மாடு உங்கள் மொழியைக் கற்பதைவிட நீங்கள் அதன் மொழியைக் கற்பது சுலபம்.

3. ஏரைத் தொடாத நாட்கள்

வந்த உடனே பூட்டாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் காட்டுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, காலைத் தூக்கிப் பார்ப்பது, வரப்பில் கையில் பிடித்து நடத்துவது, இவ்வளவுதான் வேலை. மூக்கணாங்கயிறை வெடுக்கென்று இழுக்கிற பழக்கம் வேண்டாம், அந்தக் கயிறு ஓடுகிற இடம் உடம்பிலேயே வலி அதிகம் தெரிகிற இடங்களில் ஒன்று. இழுத்தால் உடனே தளர்த்த வேண்டும், மாடு கற்றுக்கொள்வது அந்தத் தளர்விலிருந்துதான். பின்னால் நேராகப் போய் நிற்காதீர்கள், மாடு பக்கவாட்டிலும் உதைக்கும், தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே அணுகுங்கள்.

4. சாமான்கள்

நுகத்தடி, பூட்டாங்கயிறு, கலப்பை, பரம்புப் பலகை. ஆரம்பத்துக்கு இது போதும். நுகத்தடி கனமில்லாத மரமாக, கழுத்து படும் இடம் உள்ளங்கையால் தடவினால் ஒரு சிராய்கூடத் தட்டாத அளவுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். கலப்பையில் மண்ணைக் கிழிக்கும் இரும்பு கொழு, நீங்கள் பிடிக்கிற இடம் மேழி, நுகத்தோடு சேரும் நீளமான மரம் ஏர்க்கால். மரக் கலப்பை செய்கிற ஆசாரி குறைந்துவிட்டார், இரும்புக் கலப்பை கிடைத்தால் அதுவே சரி. களைக்கு மாட்டை நடத்த நினைத்தால் வரிசை இடைவெளியையும் நுகத்தின் நீளத்தையும் சேர்த்து யோசியுங்கள்: கத்தரியை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால், இரண்டு மாடும் செடியை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே நடக்கும்படி நுகத்தில் கழுத்துகளின் தூரம் அமைய வேண்டும். 30 சென்டிமீட்டரில் நிலக்கடலை போட்டுவிட்டு வளர்ந்த பயிருக்குள் மாட்டை விடுவது பயிரை மேய விடுவதற்குச் சமம்.

முள் வைத்த தார்க்குச்சி வாங்காதீர்கள். இழுவை விலங்குகளுக்கான 1965 விதிகள் அதைத் தடை செய்கின்றன. ஓர் இளங்குச்சி போதும், அதுவும் தொட்டுக் காட்டுவதற்கு.

5. பூட்டுதல்

நிழலில், சமதரையில், இரண்டு பேராக. எப்போதும் அமைதியான மாட்டை முதலில் நிறுத்துங்கள், மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நுகத்தடி திமிலுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு பூட்டாங்கயிற்றைக் கழுத்தடியில் சுற்றிக் கட்டுங்கள், இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், இறுகினால் மூச்சுக்குழாயை அழுத்தும். அவிழ்க்கும்போது இழுத்தால் உடனே கழலும் முடிச்சாகப் போடுங்கள், மாடு மிரண்டால் முடிச்சை நோண்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதலில் வெறும் நுகத்தோடு நடத்துங்கள். அப்புறம் ஒரு மரக்கட்டையை இழுக்கவிட்டு, பிறகு பரம்புப் பலகை. பரம்பில் தப்பு செய்தால் நிலம் கோணலாகும், அவ்வளவுதான். கலப்பையில் தப்பு செய்தால் கொழு மாட்டின் பின்னங்காலைக் கிழிக்கும். அதனால்தான் கலப்பை கடைசி.

6. உழவு

மண் பதம் பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு கைப்பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். உருண்டை அப்படியே கிடந்தால் இன்னும் ஈரம் காய வேண்டும், பிடிக்கும்போதே பொடியாகிவிட்டால் மழைக்கோ தண்ணீருக்கோ காத்திருங்கள். நெல்லுக்குச் சேற்று உழவு வேறு கதை, அங்கே தண்ணீர் கட்டித்தான் உழ வேண்டும்.

நுகத்துக்கும் கொழுவுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக் கட்டினால் ஆழமாக இறங்கும், குறைத்தால் மேலாக ஓடும். ஆரம்பத்தில் மேலாகவே ஓட்டுங்கள். பார்வை மாட்டின் வாலில் இருக்கக் கூடாது, எதிர் வரப்பில் ஒரு பனையையோ கம்பத்தையோ குறி வைத்து அதை நோக்கி நடங்கள், சால் தானாக நேராகும். திருப்பத்தில் கலப்பையைத் தூக்கிய பிறகே மாட்டைத் திருப்புங்கள். நாட்டுக் கலப்பை சாலுக்குச் சால் நடுவே உழாத கீற்றை விட்டுச் செல்லும், அதனால் ஒருமுறை நெடுக்கே ஓட்டினால் மறுமுறை குறுக்கே ஓட்ட வேண்டும்.

20 சென்டிமீட்டருக்கு ஒரு சால் வைத்தால் ஒரு ஏக்கருக்கு 20 கிலோமீட்டர் நடை. மாட்டோடு நீங்களும் நடக்கிறீர்கள், மறந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் முடித்தாலே புது ஆளுக்கு நல்ல வேலை.

7. வெயில், கழுத்து, ஊசி

விடிந்ததும் பூட்டி ஒன்பது ஒன்பதரைக்குள் அவிழ்த்துவிடுங்கள், மீதியைச் சாயங்காலம் பார்க்கலாம். மேலே சொன்ன அதே விதிகள் வண்டி இழுக்கும் மாட்டுக்கு நாளுக்கு 9 மணி நேரம், இடைவிடாமல் 5 மணி நேரம் என்று உச்ச வரம்பு வைக்கின்றன, 37 டிகிரி தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது என்கின்றன. வயலிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், வரம்பைத் தொட வேண்டிய அவசியம் ஒரு ஏக்கர்காரருக்கு வராது. நாக்கு வெளியே தொங்கி வாயில் நுரை ஒழுகினால் அந்த இடத்திலேயே அவிழ்த்து நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். குடிக்க நாளுக்கு 30, 40 லிட்டர் வேண்டும், சித்திரை வைகாசியில் இன்னும் கூடுதல். அவிழ்த்தபின் தின்றதை அசைபோட அமைதியான நேரம் கொடுங்கள்.

ஒவ்வொரு முறை அவிழ்த்ததும் கழுத்தைக் கையால் தடவுங்கள். சூடோ வீக்கமோ முடி உதிர்ந்த இடமோ தட்டுப்பட்டால் ஆறும்வரை பூட்டு கிடையாது, நுகத்தை இழைத்துச் சரி செய்யுங்கள். மழையில் நனைந்த கழுத்தில் நுகம் வைப்பதுதான் புண்ணுக்குக் குறுக்கு வழி, ஐப்பசி கார்த்திகையில் கவனம். வயல் வேலை மட்டும் என்றால் லாடம் தேவையில்லை. தார்ச்சாலையில் வண்டி ஓட்டுவதாக இருந்தால் வேண்டும், பிளவுக் குளம்பு என்பதால் ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடு.

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி, சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் மழைக்காலத்துக்கு முன்பே. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் முகத்தைக் காட்டி அறிமுகம் செய்துகொள்வது மாடு வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை. பயிற்சி வேண்டுமென்றால் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போகிறவர்களுக்கு வழியிலேயே. சிக்கலான நோய் என்றால் 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. நிலத்துக்கே கால்நடை மருத்துவ வண்டி வர வேண்டிய அவசரம் என்றால் 1962 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், தொழுவத்துத் தூணில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் மாட்டைப் பார்த்துக்கொள்பவர் செல்போனில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.