குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவரிடம் எதை எதிர்பார்க்கலாம்

26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து நான் வங்கி வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஆறு மாதம்கூட நிரம்பவில்லை. ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை விட்டு அம்மாவால் வர முடியாது. எங்கள் வில்லிவாக்கம் வீட்டுக்குத் திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் ஓர் அக்கா வர ஒப்புக்கொண்டார். "குழந்தை தூங்கும்போது பாத்திரத்தைக் கழுவி, துணியை மடித்து, காயை நறுக்கி வைத்துவிடுங்கள் அக்கா" என்றேன். அவரும் தலையாட்டினார்.

ஒன்பதாம் நாள் மாலை நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார். "பாப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் அம்மா. மூன்று மணிக்கு. நான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்." நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். ஈரத்துணியை வைத்து ஒற்றியிருந்தார். உடனே போன் செய்யாதது தவறு, அதைச் சொன்னேன். ஆனால் நான் கேட்கும் முன்பே, நேரம் உட்பட, மறைக்காமல் சொன்னாரே, அதற்காகவே அவரை விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். பாத்திரம் தேய்க்கச் சொன்னது நான்தான். அன்றோடு அந்த வேலையை நிறுத்தினேன்.

ஆகவே ஆள் தேடுபவர்களுக்கு என் முதல் யோசனை இது: குழந்தை வேலை, வீட்டு வேலை இரண்டையும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். குழந்தையின் கஞ்சி, பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, குழந்தையின் துணி, குழந்தை படுக்கும் இடத்தின் சுத்தம், இவ்வளவையும் தாராளமாகக் கேட்கலாம். பெரியவர்களின் சமையலும் கூட்டித் துடைப்பதும் இதில் சேராது. அவையும் வேண்டுமென்றால், குழந்தையோடு வேறொருவர் இருக்கும் நேரத்தில், தனிச் சம்பளம் பேசிக் கேளுங்கள்.

ஆளைப் பார்க்கும்போது எத்தனை வருட அனுபவம் என்று கேட்பதைவிட, "குழந்தை சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எங்களைப் பார்க்க வந்த ஒருவர், "மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறந்துவிடும்" என்றார். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். அக்காவோ, "பசி இல்லையோ என்னவோ, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பேன்" என்றார். பிறகு நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மூன்று நாள் வரச் சொல்லுங்கள். அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் உண்டு. ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை அழைத்து வருகிறேன் என்று உறவினர் யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். அந்தப் பெண்ணும் ஒரு குழந்தைதான்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. அடிக்கவோ பூச்சாண்டி காட்டி மிரட்டவோ கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் தூங்கவிட வேண்டும். தண்ணீர் நிரம்பிய வாளி இருக்கும் குளியலறைக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. வேர்க்கடலையை முழுசாகக் கொடுக்கவே கூடாது. என்னிடம் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தும் கூடாது. விழுந்தால் உடனே போன்; வாந்தியோ அசாதாரண மயக்கமோ இருந்தால் 108ஐ அழைத்த பிறகு எனக்கு. பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் பற்றியும் சொல்லிக் கொடுங்கள். வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சென்னை வெயிலில் பீய்ச்சியதுமே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்க வேண்டும், அடுப்பில் ஏற்றக் கூடாது. இவற்றைச் சொன்னதோடு நில்லாமல் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். காரணத்தையும் சொன்னேன். காரணம் தெரிந்ததும் அக்கா பக்கத்து வீட்டுக்காரரிடமே தேன் விஷயத்தில் வாதாடினார்.

தினமும் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். "10.15 கேழ்வரகுக் கூழ் அரைக் கிண்ணம். 11 தூக்கம். இரண்டு முறை மலம், கொஞ்சம் தண்ணீராக." இந்தக் கடைசி வரிதான் ஒருமுறை எங்களைச் சரியான நேரத்தில் மருத்துவரிடம் கொண்டுபோனது. ஆனால் கெட்ட செய்தி சொன்னதற்காக ஒருமுறை கத்திவிட்டால், அடுத்த முறை அந்த நோட்டில் உண்மை வராது. கேமரா வைப்பதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

குழந்தை அழவே கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவரிடம் ஒட்டக்கூடாது என்பதும் அப்படித்தான். மாலையில் நான் கை நீட்டும்போது மகள் அக்காவின் தோளில் முகம் புதைத்துக்கொண்ட நாள்கள் உண்டு. நெஞ்சு வலிக்கும். ஆனால் பகல் முழுதும் அவள் பத்திரமாக உணர்கிறாள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவர் நம்மிடம் எதிர்பார்ப்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள்: ஒன்றாம் தேதி சம்பளம், வாரம் ஒரு நாள் விடுமுறை, மதியச் சாப்பாடு, தீபாவளிக்குப் போனஸ். நாம் ஊருக்குப் போகும் நாள்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. நான் ஆறேகாலுக்குள் வீடு வராவிட்டால் அக்கா வழக்கமான ரயிலைத் தவறவிடுவார்; அவர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் மகன் காத்திருக்கிறான். அதனால் தாமதமாகும் நாளில் ஐந்து மணிக்கே போன் செய்து, இருக்க முடியுமா என்று கேட்கிறேன். முடியாது என்றால் கணவர் கிளம்பி வருகிறார்.