இலையில கட்டி கட்டியா இருக்கா? யார் வேலைன்னு கண்டுபிடிக்கிறது இப்படித்தான்

பார்க்குல புங்க மரம் இருந்தா அங்கயே ஆரம்பிங்க, இலை மேல விரல் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அது பூச்சி முட்டை இல்ல, உள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனால இலையே அப்படி வளர்ந்துடுது.

முதல்ல மரம் என்னன்னு உறுதி பண்ணுங்க, இதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா கட்டி உண்டாக்குற பூச்சிங்க பெரும்பாலும் ஒரே வகை மரத்தையோ அதோட நெருங்கின இனத்தையோ தான் தேடிப் போகும். ஏழிலைப்பாலை இலைல உருண்டையா இருந்தா அது சில்லிட்ங்கிற சாறு உறிஞ்சுற பூச்சி. கல்யாண முருங்கைல காம்பும் குருத்தும் வீங்கி கோணிக்கிட்டு இருந்தா குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினேங்கிற குட்டிக் குளவி, 2004லதான் இதுக்குப் பேரே வெச்சாங்க.

அப்புறம் ஒரே ஒரு கட்டிய பிளேடால குறுக்க வெட்டி 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க. கால் இல்லாத புழுன்னா பெரும்பாலும் ஈயோ குளவியோ. புங்கைல இருக்கிற சிலந்திப்பேன் சுமார் 0.2 மி.மீ. தான், நாலே கால், லென்ஸ்லயும் புள்ளியா தான் தெரியும்.

இலைய டப்பால போட்டு மெல்லிசு துணி கட்டி வெச்சா பூச்சி வெளிய வரும், ஆனா வர்றதெல்லாம் கட்டி போட்டதுன்னு நம்பிடாதீங்க, அத தின்னு வளர்ற ஒட்டுண்ணிக் குளவியும் அதுலேர்ந்தே வரும். ஐநேச்சுரலிஸ்ட்ல (செடி, பூச்சி போட்டோ போட்டு என்னன்னு கண்டுபிடிக்கிற ஆப்) ஏத்தும்போது இலையோட மேல்பக்கம், அடிப்பக்கம், வெட்டின உள்பக்கம் மூணு போட்டோவும் கண்டிப்பா போடுங்க.