தலைக்காயமும் இழப்பீட்டு வழக்கும்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலை விபத்தில் கால் முறிந்தவர் தமக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தாமே சொல்லிவிடுவார். தலையில் பலமாக அடிபட்டவரால் பெரும்பாலும் அது முடிவதில்லை. மோதலுக்கு முன்னும் பின்னுமான நிமிடங்கள் நினைவிலிருந்தே அழிந்துபோகலாம். தம்முடைய பேச்சும் கோபமும் மாறியிருப்பது கூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனவே அவசர சிகிச்சைப் பிரிவில் தொடங்கி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் சாட்சிக்கூண்டு வரை அவருக்காகப் பிறர் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய வழக்குகள் நலிவடைவதற்குச் சட்டத்தின் குறையைக் காட்டிலும், அப்படிப் பேச வேண்டியவர்கள் உரிய நேரத்தில் பேசாததும், தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசியதுமே அதிகம் காரணமாகின்றன.

முதல் தவறு பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. மருத்துவமனையில் சேர்க்கும்போது, காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். பேச்சுவழக்கில் இதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். விபத்தைப் பார்த்திராத மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ பதற்றத்தில் 'வண்டி சறுக்கி விழுந்துட்டார்' என்று சொல்லிவிட்டால், பின்னால் வந்து மோதிய லாரி அந்த ஒரு வரியிலேயே காணாமல் போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து நடக்கும் குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டும் ஆவணம் இதுதான். பார்க்காதவர் 'சாலையில் அடிபட்டுக் கிடந்தார், எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது' என்று சொல்வதே உண்மையும் பாதுகாப்பும் ஆகும். மோதிய வாகனத்தின் எண் தெரிந்திருந்தால் அதைக் கட்டாயம் பதியச் சொல்ல வேண்டும்.

அடுத்தது காவல் நிலையம். அடிபட்டவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க, குடும்பமே மருத்துவமனை வாசலில் தவம் கிடக்கும் நாட்களில் எதிர்த்தரப்பு ஓட்டுநர் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிடுவதும், நினைவிழந்து கிடப்பவர் மீதே முதல் தகவல் அறிக்கை பதிவாவதும் நடக்கக்கூடியவைதான். ஆகவே குடும்பத்தில் ஒருவர் இதற்கென்றே ஒதுங்கி, நிலையத்துக்குச் சென்று தம் தரப்புப் புகாரை எழுத்தில் கொடுத்து, அதற்கு ஒப்புகையும் பெற்றுக்கொள்ள வேண்டும். காயமடைந்தவரின் உயிரைக் காப்பாற்றுவதில் ஈடுபட்டிருந்ததால் புகார் தாமதமானது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. தாமதம் மட்டுமே உண்மையான கோரிக்கையைத் தள்ளுபடி செய்யக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியிருக்கிறது. ஆனால் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் உள்ள கண்காணிப்புக் கேமரா பதிவுகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. சில நாட்களில் அவை அழிந்து மேற்பதிவாகிவிடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றக் கோரி விசாரணை அதிகாரிக்கு உடனே எழுதித் தர வேண்டும். 'ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கொள்கிறோம், கேஸ் வேண்டாம்' என்று வாகன உரிமையாளர் நீட்டும் ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு 'புகார் இல்லை' என்று கையெழுத்திடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கருதவும் சட்டத்தில் இடம் உண்டு. இதைக் கேள்விப்பட்டு, போலீசாரே எல்லாவற்றையும் அனுப்பிவிடுவார்கள் என்று இருந்துவிடுவது தவறு. மூளைக்காயத்தின் விளைவுகளையோ வீட்டின் வருமான இழப்பையோ காவல்துறை அறிக்கை முழுமையாகச் சொல்லாது. அதோடு, 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில் ஆறு மாதக் காலவரம்பும் நுழைந்திருக்கிறது. அதன் செல்லுபடியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றிருந்தாலும், அவற்றை நம்பி நாளைக் கடத்தாமல் விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுவதே விவேகம். விபத்து செங்கல்பட்டில் நடந்தது, நாங்கள் இருப்பதோ மதுரையில் என்று தயங்கவும் வேண்டாம். மனுதாரர் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம்.

இந்த வழக்குகளின் உயிர்நாடி மருத்துவச் சான்றில் இருக்கிறது. எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். மூளைக்காயமோ, சி.டி. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாத நிலையிலும் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்துவிடக்கூடியது. தையல் பிரித்து, நடந்தே வீடு திரும்பியவர் மூன்று மாதம் கழித்துக் கல்லாவில் சில்லறையை எண்ண முடியாமல் தடுமாறுகிறார். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார். பிள்ளைகளைக் காரணமின்றி அடிக்கிறார். மோப்பம் தெரியாமல் கருகும் குழம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். திடீரென வலிப்பு வந்து விழுகிறார். முதியவர்களுக்கு மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்தே அறிகுறி தெரிவதும் உண்டு. இவையெல்லாம் வீட்டாருக்குத் தெரியும். மருத்துவப் பதிவில் மட்டும் இருக்காது. 'நலமுடன் வீடு திரும்பினார்' என்று முடியும் மருத்துவமனைச் சுருக்கம் ஒன்றே தீர்ப்பாயத்தின் முன் இருந்தால், நீதிபதி வேறு எதைக் கொண்டு முடிவு செய்வார்?

வீட்டில் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு இந்த மாற்றங்களை எழுதி வர வேண்டும். ஒவ்வொரு மறுபரிசோதனையின்போதும் அதை மருத்துவரிடம் காட்டி, புறநோயாளிச் சீட்டில் பதியச் சொல்ல வேண்டும். நினைவாற்றல், கவனம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் மதிப்பீட்டை மருத்துவ உளவியலாளரிடம் செய்துகொள்ள, நரம்பியல் மருத்துவரிடம் பரிந்துரை கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விடுவதையே ஆகப்பெரிய தவறாக நான் கருதுகிறேன். விபத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதற்கும் சான்று தேவை. மேஸ்திரி, முதலாளி, ஆசிரியர், கடையின் வரவு செலவுக் கணக்கு என்று எதுவாயினும் ஆகும். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓராண்டு கழித்து மாற்றுத்திறன் சான்றுக்கு மட்டும் மருத்துவக் குழு முன் சென்று நின்றால், இடைப்பட்ட அந்த மௌனத்தைக் குணமாகிவிட்டதற்கு அடையாளமாக எதிர்த்தரப்பு வாதிடும்.

மனுவை விரைந்து தாக்கல் செய்வதும் வழக்கை விரைந்து முடிப்பதும் வேறு வேறு. மூளை தேறும் வேகம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. நிலைத்துவிட்ட குறைபாடு எது என்று மருத்துவர் சொல்லும் முன்பே இறுதித் தொகைக்கு ஒப்புக்கொண்டால், பின்னர் வரும் வலிப்புக்கும் மறதிக்கும் கணக்குக் கேட்க முடியாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்பவர்கள் குறிப்பாக இதை அறிந்திருக்க வேண்டும்: அங்கே பிறப்பிக்கப்படும் தீர்வு இறுதியானது, அதற்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு குறைவாகப் பட்டாலோ 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மக்கள் நீதிமன்றமே ஆகாது என்று நான் சொல்லவில்லை; சிறு காயங்களுக்கு அது நல்ல வழி. மருத்துவ நிலை தெளிவாகாத தலைக்காயத்துக்குத்தான் அவசரப்படலாகாது.

சதவீதக் கணக்கில் ஏமாறுவோரும் பலர். மருத்துவக் குழு தரும் 40 சதவீதச் சான்றைப் பார்த்துவிட்டு வருமான இழப்பும் 40 சதவீதம்தான் என்று மனுவிலேயே எழுதிவிடுகிறார்கள். உடலின் குறைபாடு வேறு, பிழைப்புத் திறனின் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பில் விரிவாக விளக்கிவிட்டது. மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்த 30 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 25,200 ரூபாய். ஆண்டுக்கு 3,02,400 ரூபாய். இழப்பை எத்தனை ஆண்டு வருமானமாகக் கணக்கிடுவது என்பதைக் குறிக்கும் எண்ணே பெருக்கெண்; அந்த வயதுக்குரிய 17-ஆல் பெருக்கினால் 51,40,800 ரூபாய். வருமான இழப்பு 40 சதவீதம் என்று கொண்டால் இதில் 20,56,320 ரூபாய்தான் கிடைக்கும். தலைசுற்றலும் வலிப்பும் உள்ளவரைச் சாரத்தில் ஏற்ற எந்த மேஸ்திரியும் துணியமாட்டார் என்பதை மருத்துவரின் வாக்குமூலத்தாலும் உடன் வேலை செய்தவரின் சாட்சியத்தாலும் நிறுவினால், முழுத் தொகையையும் கேட்க முடியும். முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட இந்த வேறுபாடு, சான்றளித்த மருத்துவரைத் தீர்ப்பாயத்தில் விசாரித்தோமா இல்லையா என்பதில் அடங்கியிருக்கலாம்.

உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காததும் இதே வகைதான். மனைவியோ தாயோ தம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வதைக் கடமை என்று எண்ணி யாரும் மனுவில் எழுதுவதில்லை. லாரி மோதியதில் மூளை பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 12 வயதுச் சிறுமியின் வழக்கில், தீர்ப்பாயம் 11.08 லட்சமும் உயர் நீதிமன்றம் 25.78 லட்சமும் வழங்கின. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அதை 62.27 லட்சமாக உயர்த்தியது. அதில் 21.60 லட்சம், உதவியாளர்கள் இருவருக்கு மாதம் ஐயாயிரம் வீதம் 18 என்ற பெருக்கெண்ணைக் கொண்டு கணக்கிட்ட செலவு. பணம் கொடுத்து ஆள் வைக்காமல் வீட்டாரே பார்த்துக்கொண்டாலும் இந்தத் தலைப்பில் கேட்கலாம்.

யார் கையெழுத்திடுவது என்பதும் கவனத்துக்குரியது. நினைவு தெளியாதவரின் கைநாட்டை வக்காலத்தில் வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தம் நலனைக் காத்துக்கொள்ள இயலாதவருக்காக 'அடுத்த நண்பர்', அதாவது அவர் சார்பில் வழக்கு நடத்துபவர், என்ற முறையில் மனைவியோ பெற்றோரோ மனு செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. வங்கிக் கணக்கையும் சொத்தையும் கையாள்வது வேறு விவகாரம். அதற்குத் தனி ஆணை வேண்டும். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, குடும்பத் தேவைக்குச் சொத்தை விற்கவும் 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்திருக்கிறது.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் தேவை. மருத்துவமனை வராந்தாவிலேயே விசிட்டிங் கார்டுடன் வந்து நிற்கும் தரகரிடம் ஆவணங்களின் அசலைக் கொடுப்பதும், வெற்றுத் தாளில் கையெழுத்திடுவதும் கூடாது. வழக்குப் பிடிக்க ஆள் அனுப்புவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. 'முன்பணம் வேண்டாம், வருவதில் முப்பது சதவீதம்' என்ற பேச்சு எவ்வளவு சாதாரணமாகிவிட்டாலும் அது விதிமீறல்தான். முன்பு தலைக்காய வழக்குகள் நடத்தியிருக்கிறாரா, மருத்துவரைச் சாட்சியாக அழைப்பாரா, கட்டணம் எவ்வளவு என்று நேரில் கேட்டு எழுத்தில் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரும் வருமான வரம்புக்கு உட்பட்ட பிறரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வழக்கறிஞர் உதவி பெறலாம்.

தலைக்கவசம் அணியவில்லை என்பதற்காக உரிமையே போய்விட்டதென்று மனு செய்யாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் காட்டித் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கக் காப்பீட்டு நிறுவனம் வாதிடக்கூடும்; மோதியவரின் கவனக்குறைவு அதனால் மறைந்துவிடாது. மோதிய வாகனம் எதுவென்றே தெரியாதபோது, கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு இரண்டு லட்சம் ரூபாயும் தரும் அரசுத் திட்டத்தின் கீழ் வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். வழக்கு நடக்கும்போதே காயமடைந்தவர் காலமாகிவிட்டால், அத்துடன் எல்லாம் முடிந்தது என்று தீர்ப்பாயத்துக்குப் போவதை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் அந்த உரிமை, மரணம் விபத்தால் நேர்ந்ததோ இல்லையோ, வாரிசுகளுக்குத் தொடர்கிறது. வழக்கறிஞரிடம் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கொடுத்து, வாரிசுகளை மனுதாரர்களாகச் சேர்க்கும் மனுவைத் தாமதமின்றித் தாக்கல் செய்ய வேண்டும்.