அலைத் தட்டுக்குக் கரை கட்டினோம்

இரண்டு அலைகள் சந்திக்கும்போது சில இடங்களில் வலுத்து, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்தக் குறுக்கீட்டு விளைவைப் பதினோராம் வகுப்புக்குத் தண்ணீரிலேயே காட்ட ஆசைப்பட்டேன். அடியில் கண்ணாடி பதித்த தட்டு, 1 செ.மீ. தண்ணீர், மேலே விளக்கு, கீழே வெள்ளைத் தாள். பொம்மைக் கார் மோட்டார் அதிர்த்தும் ஸ்கேலில் இரண்டு மணிகள் தண்ணீரைத் தொடும். தாளில் தெரிந்ததோ வெறும் கலங்கல்.

முதல் தவறு விளக்கு. டியூப்லைட் நீளமானது, நிழல் மங்கிவிடும். செல்போன் டார்ச்சுக்கு மாறியதும் வளையங்கள் தெளிந்தன. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. "சார், அலை ஓரத்துல மோதித் திரும்பி வருது" என்றாள் ஒரு மாணவி. அதேதான்! கடற்கரையின் மணல் சரிவில் அலை அடங்குகிறதே, அதுபோல நான்கு ஓரங்களிலும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைச் சரிவாக வெட்டி வைத்தோம். திரும்பும் அலை பெரும்பாலும் அடங்கியது. இரண்டு மணிகளுக்கும் நடுவிலிருந்து அசைவற்ற கோடுகள் விசிறிபோல் விரிந்தன. எத்தனை அழகு!

அப்புறம் மணிகளைக் கழற்றி, ஸ்கேலின் விளிம்பையே தொடவிட்டு நேர் அலைகள் எழுப்பினோம். ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்கோணத்தில் மூழ்கவைத்து, அதன்மேல் 2 மி.மீ. தண்ணீர் மட்டும் நிற்கவிட்டோம். ஆழம் குறைந்த அந்த இடத்தில் அலைகள் வேகம் குறைந்து நெருங்கின, திசையும் திரும்பின.