பாட்டு கிடைத்தது, பேர் கிடைக்கவில்லை: சுயாதீன இசை தேடுவோர் செய்யும் தவறுகள்

ஆறு மாதம் ஒரு பாடகியை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்து செய்ததில்லை. பஸ்ஸில் போகும்போது அரசியல் பாட்காஸ்ட் கேட்கிற பழக்கம் உண்டு. பேசுகிறவர் இழுக்கிறாரே என்று ஆப்பில் வேகத்தை 1.5 என்று வைத்தவன், அதை அப்படியே மறந்துபோனேன். தினம் ஒரு புதுப் பாட்டு தருகிற பாட்காஸ்டும் அதே ஆப்பில்தான் வந்து விழும். இந்த ஆப்கள் வேகத்தைக் கூட்டினாலும் சுருதி மாறாமல் பார்த்துக்கொள்ளும். குரல் கீச்சிடாது, நமக்குச் சந்தேகமும் வராது. ‘என்ன துள்ளலான ஆள்!’ என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஆல்பத்தை வாங்கிப் போட்டுக் கேட்டால், தாலாட்டு மாதிரி போகிறது.

போதாக்குறைக்கு, மௌனத்தை வெட்டிவிடும் வசதியும் ஆன் ஆகியிருந்தது. பேச்சில் வரும் இடைவெளியைக் குறைக்க வைத்த வசதி அது. இரண்டு வரிக்கு நடுவில் அவர் இழுத்த மூச்சையும், கிடார் தந்தி அடங்குகிற கடைசி ஒரு விநாடியையும் சேர்த்தே கத்தரித்துப் போட்டிருந்தது.

பிபிசி ரேடியோ 1 தொடங்கிய 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை அதில் நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல், இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓட விடுவதற்குப் பேர்போனவர். ஊர் பேர் தெரியாத குழுக்களின் தட்டுகளாகவே போட்டவர் என்பதால், சரியான வேகம் எது என்று அவருக்கே சட்டென்று தெரியாது. ஆனால் அவர் உடனே நிறுத்தி, அசடு வழிந்து, மறுபடி போடுவார். என் ஆப் அந்த மாதிரி எதுவும் செய்யவில்லை. ஆகவே முதல் வேலை: இசை வரும் பாட்காஸ்டுகளுக்கு மட்டும் வேகம் 1, மௌனம் வெட்டுவது ஆஃப். பெரும்பாலான ஆப்களில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இதைத் தனித்தனியாக வைக்கலாம்.

‘அப்புறம் தேடிக்கலாம்’

இதைவிடப் பெரிய தவறு கிடையாது. படப் பாட்டு என்றால் ஒரு வரி ஞாபகம் இருந்தால் போதும், படம், நடிகர், இசையமைப்பாளர் என்று எந்த வாசல் வழியாகவும் உள்ளே போய்விடலாம். யாரோ இரண்டு பேர் வீட்டு அறையில் பதிவு செய்த பாட்டுக்கு இருப்பது ஒரே வாசல். அதுதான் பேர். அது நழுவிவிட்டால் பாட்டும் போச்சு.

ஓடுகிற பாட்டைக் கேட்டுப் பேர் சொல்லும் ஷசாம் ஆப் இருக்கிறதே என்பீர்கள். அது குறிப்பிட்ட ஒரு ஒலிப்பதிவின் தடத்தை எடுத்துத் தன் கிடங்கில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கிடங்கில் இல்லாத டெமோவை, அதாவது வெளியிடுவதற்கு முன் செய்த மாதிரிப் பதிவை, அதற்குத் தெரியாது. ஆல்பத்தில் உள்ள பாட்டையே ரேடியோ ஸ்டுடியோவில் நேரடியாகப் பாடினால், அது வேறு பதிவு, பெரும்பாலும் கைவிரித்துவிடும். சுயாதீன இசை ரேடியோக்களின் ருசியே இந்த நேரடிப் பதிவுகளும் டெமோக்களும்தான். அதாவது நமக்குத் தேவைப்படுகிற இடத்தில்தான் ஷசாம் வாயை மூடிக்கொள்கிறது.

நல்ல ரேடியோக்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் கேஇஎக்ஸ்பி, 1972-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய நிலையம். இந்தப் பெயர் வந்தது 2001-இல். அவர்கள் போடும் ஒவ்வொரு பாட்டையும் குழு, ஆல்பம், லேபிள் (பாட்டை வெளியிட்ட நிறுவனம்), நேரத்தோடு தங்கள் தளத்தில் அப்போதைக்கப்போதே எழுதிவிடுகிறார்கள். நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ இன்னும் ஒரு படி மேல். விளம்பரமே இல்லாமல் நேயர்கள் தரும் பணத்தில் ஓடுகிற அந்த நிலையத்தின் பழைய நிகழ்ச்சிகளைப் பாட்டுப் பட்டியலோடு தளத்தில் கேட்கலாம்.

நாம் கோட்டை விடுவது நேரக் கணக்கில். சியாட்டிலில் காலை 7 மணி என்றால் நமக்கு இரவு 8:30. அவர்கள் கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் மாதங்களில் 7:30. ‘நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டேன்’ என்று அவர்கள் பட்டியலில் ராத்திரி ஒன்பதைத் தேடினால் வேறு ஆள் வேறு பாட்டைப் போட்டிருப்பார். என் நோட்டில் இப்படித்தான் இருக்கும்: ‘செவ்வாய், 9:12, கேஇஎக்ஸ்பி, பெண் குரல், அக்கார்டியன் மாதிரி ஏதோ.’ இந்த ஒரு வரி போதும். மறுநாள் காலை சாவகாசமாக பதின்மூன்றரை மணி நேரத்தை (அவர்கள் கோடையில் பன்னிரண்டரை) கழித்துக்கொள்ளலாம்.

பாட்காஸ்டில் இதே வேலையைச் செய்வது எபிசோடுக்குக் கீழே இருக்கும் குறிப்பு. அதை யாரும் திறப்பதே இல்லை. கேட்டு முடித்ததும் ஆப் எபிசோடை அழித்துவிடும்; பேர் இருந்த குறிப்பும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இன்னொன்று, ‘இசை பாட்காஸ்ட்’ என்று இருப்பதில் முழுப் பாட்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரேடியோவுக்கு வாங்கும் உரிமம் பாட்காஸ்டுக்குச் செல்லாது. டவுன்லோடு ஆகிறது என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் பலரும் துண்டு போட்டுவிட்டுப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் இந்தக் குறையையே நிறையாக மாற்றியிருக்கிறார்கள். ரிஷிகேஷ் ஹிர்வே 2014-இல் தொடங்கிய ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’ நிகழ்ச்சியில், பாட்டை உருவாக்கியவரே அதை ட்ரம்ஸ் தனி, குரல் தனி என்று பிரித்து வைத்துப் பேசுவார். முழுப் பாட்டும் கடைசியில்தான் வரும். அதுவரை பொறுக்காமல் தள்ளிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

படப் பாட்டு இல்லாததெல்லாம் ‘இண்டி’யா?

நம்மூரில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. சினிமாவில் வராத பாட்டு என்றால் ‘இண்டி’, அதாவது சுயாதீன இசை. பாதி சரி. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் சினிமாவின் தயவில்லாமல் கூட்டம் சேர்த்தன. ஆனால் படப் பாட்டு வெளியிடும் பெரிய லேபிளே, படம் இல்லாத ஒரு பாட்டை லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்து ‘இண்டி’ என்று பேர் வைத்தும் விடுகிறது. கேட்க நன்றாக இருந்தால் கேளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டுமானால் ஆல்பத்தின் அடியில் பொடி எழுத்தில், வட்டத்துக்குள் ‘பி’ போட்ட வரியைப் பாருங்கள். ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் என்று அந்த வரி சொல்லும். அங்கே பாடகரின் பேரோ சின்ன லேபிளின் பேரோ இருந்தால் அதைத் தேடுங்கள். சின்ன லேபிள் ஒன்றில் பிடித்த பாட்டு ஒன்று அகப்பட்டால், பக்கத்திலேயே இன்னும் நாலு இருக்கும். அல்காரிதம் பரிந்துரைப்பதைவிட இந்த வழி எனக்கு அதிகம் பலித்திருக்கிறது.

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடுவதும் தவறுதான். மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நட்சத்ரா’வுக்கு ஒருவர் டி-சி-எச் போடுவார், இன்னொருவர் கே-எஸ்-எச் போடுவார். ‘ழ’ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக என்று தேடிப் பாருங்கள்.

டவுன்லோடு என்று நினைத்துக்கொள்வது

ஸ்பாட்டிஃபையில் கீழ் அம்புக்குறியை அழுத்தி, பச்சை நிறம் வந்ததும் பாட்டு நம்முடையதாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறோம். அது பூட்டிய பெட்டி, சாவி அவர்களிடம். 30 நாளைக்கு ஒரு முறையாவது ஆப் இணையத்தைத் தொடாவிட்டால் பெட்டி திறக்காது. சந்தாவை நிறுத்தினாலும் அதே கதை.

அதற்காக யூட்யூப் வீடியோவை எம்பி3 ஆக மாற்றித் தரும் தளங்களுக்குப் போகிறவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அங்கே ‘320 கேபிபிஎஸ்’ என்று பெரிதாக ஒரு பொத்தான் இருக்கும். ஒரு விநாடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு அது. வீடியோவில் இருக்கிற ஒலியே ஏற்கெனவே சுருக்கப்பட்டது, பெரும்பாலும் 128-ஐ ஒட்டியது. ஜெராக்ஸை எடுத்து மறுபடி பெரிய தாளில் ஜெராக்ஸ் போட்டால் எழுத்து தெளிவாகிவிடுமா? ஃபைல் பெருக்கும், அவ்வளவுதான்.

கலைஞர்களே தங்கள் பாட்டை விற்கிற, 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் மாதிரித் தளத்தில் ஆல்பம் வாங்கினால், எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்கும். அவசரத்தில் முதலில் நிற்கிற எம்பி3-ஐ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். ஃபிளாக் எடுங்கள். நாலு நிமிஷப் பாட்டு 320 எம்பி3-யில் சுமார் 10 எம்பி, ஃபிளாக்கில் 25 எம்பி சுமாருக்கு வரும். மூலத்தில் எதுவும் குறையாத வடிவம் அது. போனில் இடம் இல்லை என்றால் அதிலிருந்து எம்பி3 செய்துகொள்ளலாம். எம்பி3-யிலிருந்து ஃபிளாக் செய்தால் போனது போனதுதான், திரும்பி வராது. (போன் ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியுமா என்றால், எனக்குத் தெரியாது. ஃபிளாக்கை நான் எடுப்பது பத்து வருஷம் கழித்துக் கேட்பதற்காக.)

காசு கொடுக்கிற இடத்தில் இரண்டு சிக்கல். நம் டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். பணம் போகவில்லை என்றதும் ‘இந்தியாவிலிருந்து வாங்க முடியாது போல’ என்று விட்டுவிடாதீர்கள். வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட்டு, வாங்கி முடித்ததும் மூடிவிடலாம். இரண்டாவது, பேண்ட்கேம்ப் வெள்ளி. டிஜிட்டல் விற்பனையில் தளம் சாதாரணமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, முதல் தடவையாக அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தது. அதன்பின் சில வெள்ளிக்கிழமைகளில் அப்படிச் செய்கிறது. அந்த வெள்ளி அமெரிக்க மேற்குக் கரை வெள்ளி. நமக்கு அது மதியம் 12:30-க்கோ 1:30-க்கோதான் பிறக்கிறது. காலையில் காப்பி குடித்துக்கொண்டே ‘முழுக் காசும் கலைஞருக்கே’ என்று வாங்குகிறவர்கள் அரை நாள் முந்திவிடுகிறார்கள். சனி காலை வாங்கினால் கணக்கில் சேரும்.

‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்ற பெட்டியில் பூஜ்யம் போடுவது பற்றி: தவறென்று சொல்ல மாட்டேன், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தளத்தில் கலைஞருக்கு மாதம் 200 இலவச டவுன்லோடுதான் அனுமதி. அதற்கு மேல் வேண்டுமானால் அவரே காசு கொடுத்து வாங்க வேண்டும். சும்மா கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே ஸ்ட்ரீம் செய்து கேட்கலாமே.

இலவசம் என்று போட்டிருந்தால்

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், ‘அண்ணே, ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ்னு ஒரு சைட்டு, எல்லாமே ஃப்ரீ’ என்றார். டபிள்யூஎஃப்எம்யூ 2009-இல் ஆரம்பித்த தளம் அது. பிறகு கை மாறிவிட்டது. அங்கே கேட்கவும் இறக்கிக்கொள்ளவும் இலவசம். நம் வேலையில் பயன்படுத்தலாமா என்பது ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பொறுத்தது. பிறர் எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று படைத்தவரே சொல்லிவிடும் உரிமம் அது. பேர் சொல்ல வேண்டும் என்பது பொதுவான விதி. ‘வணிகத்துக்கு இல்லை’ என்று இருந்தால், கூலி வாங்கி எடுக்கும் கல்யாண வீடியோவுக்கு ஆகாது. எல்லாரும் ஏமாறுவது ‘மாற்றம் செய்யாதே’ என்ற விதியில். ‘நான் பாட்டை வெட்டவே இல்லையே’ என்பார்கள். ஓடும் படத்தோடு பாட்டைப் பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. தம்பிக்குச் சொன்னேன். ‘அப்போ எது தான்ணே ஃப்ரீ?’ என்றார். பேர் சொன்னால் போதும் என்ற வகையை மட்டும் வடிகட்டிக் காட்டிக் கொடுத்தேன்.

தளம் இருக்கும் என்ற நம்பிக்கை

மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு காலத்தில் உலகத்து கராஜ் குழுக்கள் எல்லாம் இருந்தன. 2019-இல், சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாட்டுகள் போய்விட்டன என்று அந்தத் தளம் ஒப்புக்கொண்டது. 5 கோடிக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. முன்பே யாரோ சேர்த்து வைத்திருந்த சுமார் 4,90,000 பாட்டுகள் மட்டும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. பேண்ட்கேம்ப்பே 2022-இலும் 2023-இலுமாக இரண்டு முறை கை மாறியது. இரண்டாவது முறை ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. வாங்கியதை அன்றைக்கே இறக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். இறக்கும்போதே பேர், ஆல்பம், வருடம், எங்கே கேட்டது என்பதை ஃபைலின் டேகில் (ஃபைலுக்குள்ளேயே பதியும் குறிப்பில்) எழுதிவிடுங்கள். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு என்ற இலவச மென்பொருள் பாதி வேலையைத் தானே செய்யும். பழைய கார் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

இத்தனையும் சொல்கிறவனின் பழைய ஹார்ட் டிஸ்கில் ‘புதுசு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, 2009-இல் உண்டாக்கியது. உள்ளே ‘ட்ராக் 03’ என்று ஒரு ஃபைல். டேகில் ஒன்றும் இல்லை. எந்தத் தளம் என்று ஞாபகம் இல்லை. ஷசாமுக்குத் தெரியவில்லை, ஏழெட்டு நண்பர்களுக்கும் தெரியவில்லை. தொடக்கத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொள்கிறது, பிறகு மூன்று நிமிஷம் பத்து விநாடி. காரில் அது வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் யார் பாடியது என்று கேட்கிறார்கள்.