நகரையொட்டிய மந்தைவெளியைப் பருவந்தோறும் பேணும் முறை

பொது மேய்ச்சல் நிலத்தைப் பேணுவதில் விதைப்பையும் உரத்தையும்விட முக்கியமானது, மந்தையை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியேற்றுவது என்ற முடிவுதான். முதல் மழையில் தரை பச்சை பிடித்தவுடன் மாடுகளை அவிழ்த்துவிடும் அவசரமே பல மந்தைவெளிகளைக் கட்டாந்தரையாக்குகிறது. அந்தத் துளிர், வேரிலும் அடித்தண்டிலும் சேர்ந்திருக்கும் சத்தைச் செலவிட்டே எழுகிறது என்பதால், அதைக் கடித்துவிட்டால் மறுபடி துளிர்க்கப் புல்லிடம் இருப்பு குறைந்துபோகும்.

ஆகவே, கொத்தாக வளரும் புற்கள் ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. உயரம் அடையும்வரை பொறுத்திருந்து, மேய்ந்து 8 செ.மீ. அளவுக்கு வந்ததும் மந்தையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். தரையில் படரும் அருகு இன்னும் தாழ்வான மேய்ச்சலையும் தாங்கும். நிலத்தை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, மழைக்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாரமும், வளர்ச்சி மந்தமான காலத்தில் அதைப்போல் இருமடங்கும் ஓய்வு கொடுப்பது நல்லது. பொது நிலத்தில் வேலி போட இயலாவிட்டால், மரங்களையும் பாதைகளையும் எல்லையாகக் கொண்டு மேய்ப்பவர்கள் கூடிப் பேசி முறை வகுத்துக்கொள்ளலாம். அவர்களைக் கேட்காமல் விதிக்கப்படும் எந்த முறையும் நிலைக்காது.

அடைமழையில் குளம்பு ஆழப் புதையும் இடங்களை மேய்ச்சலுக்கு மூடிவிடுங்கள். மிதிபட்டு இறுகிய ஈரமண்ணில் நீரும் காற்றும் இறங்காது. மண் இளகியிருக்கும் அந்த நாட்களிலேயே, கையுறை அணிந்து, பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்கும் என்பதால் அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதே வழி. அதன் காய்களைத் தின்னும் மாடுகளின் சாணத்தில் விதைகள் முளைப்புத்திறனோடு வெளிவருவதால், காய் முற்றும் காலத்தில் அப்பகுதியில் மேய்ச்சல் கூடாது.

கோடையில் புல் வளராதபோது, எஞ்சிய தீவனத்துக்கு ஏற்ப மந்தையைக் குறைக்க வேண்டும். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம் தேவை என்று வைத்துக் கணக்கிடலாம். காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காதீர்கள்; வெயிலிலிருந்து மண்ணைக் காப்பது அந்தப் போர்வைதான். ஒரே தொட்டியைச் சுற்றி நிலம் மிதிபடாமலிருக்கத் தண்ணீரைச் சில இடங்களில் பிரித்து வைப்பது உதவும்.

நகரத்தின் அருகாமையால் வரும் கேடுகளுக்குப் பருவம் கிடையாது. மாடு விழுங்கும் பிளாஸ்டிக் பை செரிக்காமல் முதல் இரைப்பையிலேயே தங்கிச் சேர்ந்து, நாளடைவில் அதன் உயிரையே எடுக்கக்கூடும். ஆதலால் ஒவ்வொரு பகுதியையும் திறப்பதற்கு முன்னும், பலத்த காற்றுக்கும் விடுமுறை நாட்களுக்கும் பின்னும் குப்பை பொறுக்குவதை மாறா வேலையாக வையுங்கள். இரக்கத்தால் கொட்டப்படும் சமைத்த தானிய உணவும் ஆபத்தானதே. அளவுக்கு மிஞ்சினால் இரைப்பையில் அமிலம் பெருகி மாடு சாய்ந்துவிடும். இதை நுழைவாயில் பலகையில், காரணத்தோடு, பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.